கொன்றால் மட்டும் போதாது, மாப்ளே

டெவில் மே க்ரை 5 என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்குகிறவர்கள் முக்கோணப் பட்டனையே போட்டு மொத்துவார்கள். அம்மாப்பேட்டையில் காலேஜ் படிக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான். பேய்கள் செத்தன, திரை ஓரத்து எழுத்து மட்டும் 'டி'யை விட்டு நகரவில்லை. "எல்லாத்தையும் கொன்னுட்டேனே மாமா?" என்றான்.

கேப்காம் 2019இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் கொல்லும் அழகுக்குத்தான் மதிப்பு. டி, சி, பி, ஏ, எஸ், டபுள் எஸ், டிரிபிள் எஸ் என ஏழு படிகள். ஒரே வெட்டையே போட்டால் ஏறாது. அடி வாங்கினால் இறங்கும்.

விளையாட்டின் நாயகர்களில் ஒருவனான நீரோவை வைத்து இதைப் பழகுங்கள். பிளேஸ்டேஷனில் ஆர்1 பட்டனைப் பிடித்தபடி, ஸ்டிக்கை எதிரிக்கு எதிர்ப்பக்கம் இழுத்து முக்கோணம். பேய் மேலே எழும்பும். முக்கோணத்தை விடாமல் அழுத்தினால் நீரோவும் கூடவே போவான். அந்தரத்தில் இரண்டு வெட்டு, இடையில் சதுரம் தட்டித் துப்பாக்கி. அவ்வளவுதான், எழுத்து ஏறும்.

அப்புறம் எல்2 பட்டன். நீரோவின் வாளில் பைக் போல முறுக்குகிற கைப்பிடி உண்டு. வெட்டு விழும் அதே நொடியில் எல்2 தட்டினால் அடுத்த வெட்டு நெருப்போடு வரும். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டர் முறுக்குவோமே, கை அப்படிப் பழக வேண்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பழக 'தி வாய்ட்' என்ற பயிற்சிக் களம் உள்ளேயே இருக்கிறது.

எஸ் தொட்டதும் பின்னணிப் பாட்டே சூடு பிடிக்கும். அன்று ராத்திரி அக்கா வந்து டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.