ஓப்பன் கோல்ஃப் சாம்பியன்கள்: பட்டியலைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி

பிரிட்டிஷ் ஓப்பன் என்று பத்திரிகைகள் எழுதும் போட்டியை, அதை நடத்துகிறவர்கள் ஓப்பன் என்று மட்டும்தான் அழைக்கிறார்கள். 1860இல் தொடங்கிய இந்தப் போட்டிதான் மேஜர்கள் எனப்படும் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் மூத்தது. அதன் சாம்பியன் பட்டியலை வினாடி வினாவுக்கோ கட்டுரைக்கோ தொகுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதனால் பெயர்களை முதலில் நிரப்ப வேண்டாம். வருடங்களைச் சரிசெய்துவிட்டுப் பெயர்களுக்கு வாருங்கள்.

எக்செலில் 1860 முதல் 2025 வரை ஒரு வரிசை போட்டால் 166 வருடங்கள் வரும். இதில் போட்டி நடக்காத வருடங்கள் 13. அவை 1871, முதல் உலகப் போரால் 1915 முதல் 1919 வரை, இரண்டாம் உலகப் போரால் 1940 முதல் 1945 வரை, கொரோனாவால் 2020. இவற்றைக் கழித்தால் 153. 2025இல் நடந்ததும் 153ஆவது போட்டிதான். உங்கள் எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகாவிட்டால் மேலே போகாதீர்கள், எங்கோ ஒரு வருடம் கூடியோ குறைந்தோ இருக்கிறது. நடக்காத வருடங்களின் வரிகளை அழித்துவிடாமல் 'நடக்கவில்லை' என்று எழுதி வையுங்கள். அழித்தால் கீழே உள்ள பெயர்கள் ஒரு வருடம் மேலேறி நிற்கும், அதைக் கண்டுபிடிப்பது சிரமம்.

1871 ஏன் காலி என்பதைத் தெரிந்துகொண்டால் அதைச் சுற்றியுள்ள வருடங்கள் மனதில் நிற்கும். அன்றைய பரிசு சிவப்புத் தோல் பெல்ட். தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்கே அது சொந்தம் என்பது விதி. இளைய டாம் மாரிஸ் 1868, 1869, 1870இல் வென்று பெல்ட்டைக் கொண்டுபோய்விட்டார். புதுப் பரிசு இல்லாததால் அடுத்த வருடம் போட்டியே இல்லை. மூன்று கிளப்புகள் சேர்ந்து புதுக் கோப்பைக்கு ஏற்பாடு செய்ய, 1872இல் மறுபடியும் அவரே வென்றார். ஆனால் கிளாரட் ஜக் என்ற அந்தக் கோப்பை அப்போது தயாராகவில்லை. அதை முதலில் கையில் வாங்கியவர் 1873இல் வென்ற டாம் கிட். அதில் பொறிக்கப்பட்ட முதல் பெயரோ இளைய மாரிஸுடையது. 'கிளாரட் ஜக்கை முதலில் வென்றவர் யார்' என்று கேள்வி போடுகிறவர்கள் எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இந்தக் காலத்தில் பெயர்க் குழப்பமும் அதிகம். மூத்த டாம் மாரிஸ் வென்றது 1861, 1862, 1864, 1867. மகன் வென்றது 1868, 1869, 1870, 1872. இருவருக்கும் நான்கு நான்கு என்பதால் சேர்த்து எட்டு என்று ஒரே ஆளுக்குப் போட்டுவிடும் பட்டியல்கள் உண்டு. பார்க் குடும்பமும் அப்படித்தான். மூத்த வில்லி பார்க் 1860, 1863, 1866, 1875, அவருடைய தம்பி மங்கோ பார்க் 1874, மகன் இளைய வில்லி பார்க் 1887, 1889. பெயருக்கு முன்னால் 'மூத்த', 'இளைய' என்பதை ஒரு வரியிலும் விடாதீர்கள்.

மைதானப் பத்திக்கு (எக்செல் column) ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1870 வரையும் 1872இலும் எல்லாமே பிரெஸ்ட்விக். 1873 முதல் 1891 வரை மூன்று மைதானங்கள் முறைவைத்து நடத்தின. வருடத்தை 3ஆல் வகுத்து மீதி 0 வந்தால் பிரெஸ்ட்விக், 1 வந்தால் செயின்ட் ஆன்ட்ரூஸ், 2 வந்தால் மஸல்பரோ. ஒரு வருடம்கூடத் தவறாது. 1892இல் மஸல்பரோவின் முறை ம்யூர்ஃபீல்டுக்குப் போனது. 1894இல் போட்டி முதன்முறையாக இங்கிலாந்துக்கு, சாண்ட்விச்சுக்கு வந்தது. அதன்பிறகு இந்தக் கணக்கு உதவாது.

1894 முதல் 1914 வரையிலான 21 போட்டிகளை இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். ஹேரி வார்டன் 6 (1896, 1898, 1899, 1903, 1911, 1914), ஜே. எச். டெய்லர் 5 (1894, 1895, 1900, 1909, 1913), ஜேம்ஸ் பிரெய்ட் 5 (1901, 1905, 1906, 1908, 1910). மொத்தம் 16. மீதி ஐந்து பேர்: 1897 ஹெரால்ட் ஹில்டன், 1902 சாண்டி ஹெர்ட், 1904 ஜாக் வைட், 1907 ஆர்னோ மாஸி, 1912 டெட் ரே. வார்டனின் ஆறை இன்றுவரை யாரும் தொடவில்லை. பீட்டர் தாம்சனும் டாம் வாட்சனும் ஐந்தில் நின்றார்கள்.

ஸ்கோர் பத்திதான் ஆளை ஏமாற்றும். கோல்ஃபில் ஸ்கோர் என்பது பந்தை அடித்த எண்ணிக்கை, குறைவாக அடித்தவரே வெல்வார். 1891 வரை போட்டி மொத்தமே 36 குழிகள். பிரெஸ்ட்விக்கில் 1881 வரை 12 குழிகளை மூன்று சுற்று, 1884 முதல் 18ஐ இரண்டு சுற்று, செயின்ட் ஆன்ட்ரூஸில் 18ஐ இரண்டு சுற்று, மஸல்பரோவில் 9ஐ நான்கு சுற்று ஆடினார்கள். 1892இல்தான் 72 குழிகள் ஆயிற்று. எனவே 1870இல் இளைய மாரிஸ் எடுத்த 149ஐயும் 2016இல் ட்ரூனில் ஹென்ரிக் ஸ்டென்சன் எடுத்த 264ஐயும் ஒரே பத்தியில் வைத்துச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால், 'மிகக் குறைந்த ஸ்கோர்' என்று தவறான விடை வரும். குழி எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி வையுங்கள். பாருக்கு (மைதானத்துக்கு எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை) எத்தனை குறைவு என்ற பத்தியைப் பழைய வருடங்களுக்குக் காலியாகவே விடுங்கள். இன்றைய முறையில் பார் குறிப்பது அன்று வழக்கில் இல்லை, பின்னாளில் கணக்குப் போட்டு நிரப்பினால் அது நீங்கள் உண்டாக்கிய எண்தான்.

சமநிலையில் முடிந்த வருடங்களில் ஸ்கோராக எழுத வேண்டியது பிளேஆஃபுக்கு, அதாவது வெற்றியாளரை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டத்துக்கு, முன்பு இருந்த மொத்தம். பிளேஆஃப் எண்ணைக் குறிப்பில் போடுங்கள். 1883, 1889, 1896, 1911, 1921, 1933, 1949, 1958, 1963 ஆகியவை 36 குழி பிளேஆஃப்கள். 1970, 1975இல் 18 குழிகள். 1989, 1995, 1998, 1999, 2002, 2004, 2007, 2009, 2015இல் நான்கு குழிகள். 2002இல் மட்டும் நான்குக்குப் பிறகும் எர்னி எல்ஸும் தாமஸ் லெவேயும் சமம், ஐந்தாவது குழியில் எல்ஸ் வென்றார். 2019 முதல் விதி மூன்று குழிகள். 1876ஐ இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அன்று பாப் மார்ட்டினும் டேவிட் ஸ்ட்ராத்தும் 176இல் சமம், ஸ்ட்ராத் பிளேஆஃப் ஆட மறுத்ததால் மார்ட்டின் சாம்பியன் ஆனார்.

நாட்டுப் பத்தியில் 'பிரிட்டன்' என்று எழுதினால் பாதி வரலாறு மறைந்துவிடும். 1889 வரை வென்ற அத்தனை பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1890இல் ஜான் பால் வந்துதான் அதை உடைத்தார், முதல் ஆங்கிலேயரும் முதல் அமெச்சூரும் (கோல்ஃபைத் தொழிலாகக் கொள்ளாதவர்) அவரே. ஃபிரெட் டேலி, டேரன் கிளார்க், ரோரி மெக்கில்ராய் வட அயர்லாந்து. பாட்ரெய்க் ஹாரிங்டனும் ஷேன் லோரியும் அயர்லாந்து. பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. 1921இல் வென்ற ஜாக் ஹட்சிசன் செயின்ட் ஆன்ட்ரூஸில் பிறந்தவர், வென்றது அமெரிக்கக் குடிமகனாக. அமெரிக்காவில் பிறந்த முதல் சாம்பியன் அடுத்த வருடம் வென்ற வால்டர் ஹேகன். 1931இல் வென்ற டாமி ஆர்மரும் எடின்பரோவில் பிறந்த அமெரிக்கர்தான்.

அமெச்சூர் குறியீடு ஆறு வரிகளில் மட்டுமே வர வேண்டும்: 1890 ஜான் பால், 1892, 1897 ஹில்டன், 1926, 1927, 1930 பாபி ஜோன்ஸ்.

கடைசி வரி 2025, ராயல் போர்ட்ரஷ், ஸ்காட்டி ஷெஃப்லர், 267. 2026க்கான பெயரைச் சேர்க்கும்போது போட்டி எண் 154 என்று வருகிறதா பாருங்கள்.