முதுகுத்தண்டு ஊசிக்குப் போகும் முன்

நாட்பட்ட முதுகுவலிக்கும் காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும் முதுகுத்தண்டருகே போடப்படும் ஊசியில் பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் விறைப்பு மருந்தும், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பதால், அன்று குறைந்த வலி மறுநாள் திரும்பினால் ஊசி பலிக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். விறைப்பு மருந்தின் பலன் சில மணிநேரத்தில் விட்டுவிடும்; ஸ்டீரொயிட் வேலை செய்யச் சில நாட்கள் எடுக்கும். கால் சில மணிநேரம் மரத்துத் தள்ளாடக்கூடும் என்பதால், தேயிலைத் தோட்ட லயத்துப் படிகளில் ஏறி இறங்க வேண்டியவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இரத்தச் சீனி உயரலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. வலி விட்டதென்று மறுநாளே கொழுந்துக் கூடையைச் சுமப்பது, கங்காணி என்ன சொன்னாலும், சரியல்ல. காய்ச்சல், கடும் தலைவலி, கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.