சீவியில் ‘ரெபரி’ என்று கேட்டால் யாரை எழுதுவது?

களுவாஞ்சிகுடியில் 14 வருடமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், சீவி (வேலைக்குக் கொடுக்கும் சுயவிவரம்) அடிப்பது, ஒன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று நாள் போகும். இத்தனை வருடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதைப் பார்த்த இடம், சீவியின் கடைசிப் பகுதிதான்.

போன கிழமை மண்டூரிலிருந்து ஒரு தங்கச்சி குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) ஏறி ஆற்றைக் கடந்து வந்தார். கம்பனி ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலைக்கான படிவம். எல்லாவற்றையும் அழகான எழுத்தில் நிரப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ‘நொன் ரிலேட்டட் ரெபரீஸ்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் ஒருவருடைய பெயர், அதற்குக் கீழே ‘உதைபந்தாட்ட நடுவர்’. இரண்டாவது பெட்டி காலி.

“போனில தேடினன் அண்ணா, நடுவர் என்றுதான் வந்தது. எங்கட ஊரில விசில் ஊதுறவர் இவர் ஒருத்தர்தான்” என்றார்.

அது அவருடைய பிழை இல்லை. அகராதியைத் திறந்தாலும் போனைத் தட்டினாலும் முதலில் வருவது நடுவர், அல்லது மத்தியஸ்தர். அந்தப் பெட்டி கேட்பது வேறு ஆளை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொல்லைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘ரெபர் பண்ணுறது’ என்ற பேச்சு நமக்கு நன்றாகவே பழக்கம். களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால், ‘ரெபர் பண்ணிட்டாங்க’ என்கிறோம். இங்கே முடிக்க முடியாததை, முடிவு சொல்லக்கூடியவரிடம் கொண்டுபோவது. அந்த ரெபரோடு கடைசியில் ‘ஈ’ சேர்ந்தால் ரெபரி. பயிற்சி பெறுபவர் ட்ரெய்னீ, காசோலையில் பணம் பெறுபவர் பேயீ. அதே மாதிரி, ஒரு விசயம் யாரிடம் கொண்டுபோகப்படுகிறதோ அவர் ரெபரி. இது மனதில் நின்றால் எந்தப் படிவத்திலும் தடுமாற மாட்டீர்கள்.

விளையாட்டுக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விண்ணப்பங்களை ஆராய்ந்து அறிக்கை சொல்ல நியமிக்கப்பட்டவர்களை அப்படி அழைத்தார்கள். உதைபந்தாட்டத்தில் முதலில் ஒவ்வொரு அணியும் தன் பக்கத்துக்கு ஓர் அம்பயரைக் கொண்டுவரும். அந்த இருவரும் ஒத்துப்போகாவிட்டால், கோட்டுக்கு வெளியே நிற்கும் மூன்றாமவரிடம் கேட்பார்கள். அவர்தான் ரெபரி. 1891இல்தான் விதியை மாற்றி அவரை மைதானத்துக்குள்ளே விட்டார்கள். அம்பயர்கள் கோட்டோரம் போனார்கள். இன்றைக்கு மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் விசிலோடு ஓடுகிறவரைப் பார்க்கும்போது, அவர் முன்பு வெளியே நின்ற ஆள் என்பதை யார் நினைப்பார்கள்!

கிரிக்கெட்டில் இரண்டு சொல்லும் இருக்கிறது, இரண்டும் வேறு வேலை. அவுட்டா இல்லையா என்று சொல்பவர் அம்பயர், குமார் தர்மசேன மாதிரி. மாட்ச் ரெபரி ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்குள் இறங்குவதில்லை. வீரர்களின் நடத்தையை அவர் விசாரிப்பார், தண்டம் விதிப்பார். ரஞ்சன் மடுகல்ல அந்த வேலையில் பேர் பெற்றவர். அதனால் கிரிக்கெட் செய்தி எழுதுகிற தம்பிமார் இரண்டு பேரையும் வெறுமனே ‘நடுவர்’ என்று எழுத வேண்டாம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு ரெபரியையும் தெரிந்திருக்கும். ஆய்வுக் கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொல்பவர். தமிழில் மதிப்பாய்வாளர் என்றால் பொருந்தும்.

சரி, சீவிக்கு வருவோம்.

இங்கே ரெபரி என்றால், உங்களைப் பற்றி விசாரிக்க கம்பனி யாரிடம் போகலாமோ அவர். ‘உங்களை அறிந்தவர்’, ‘சான்றுரைப்பவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நற்சான்றிதழ் வேறு. அது கிராம சேவகரோ அதிபரோ கையெழுத்துப் போட்டுத் தரும் தாள். ரெபரி ஆள். அவருக்கு அழைப்பு வரும், அவர் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 23 வயதில் ஒரு வேலைக்குப் போட்டபோது, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் பெயரை அவரிடம் கேட்காமலே எழுதிவிட்டேன். பெரிய பெயர், எடுபடும் என்று நினைத்தேன். கம்பனியிலிருந்து அவருக்கு எடுத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் படிப்பித்த மனிதர். “அப்படி ஒரு பிள்ளை ஞாபகம் இல்லையே” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதைவிட, அவரைத் தர்மசங்கடத்தில் விட்டுவிட்டேனே என்பதுதான் இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அதனால் என் கடையில் முதல் கேள்வி, “அவரிட்ட கேட்டீங்களா?” என்பதுதான். கேட்கவில்லை என்றால் அந்த இடத்தை நான் அடிப்பதில்லை. ஒரு அழைப்பு போதும்: “வணக்கம் சேர், நான் 2019இல் உங்களிட்ட வர்த்தகப் பிரிவில படிச்சனான். ஒரு கம்பனிக்கு கணக்கு உதவியாளர் வேலைக்குப் போடுறன். உங்கட பேரை ரெபரியாகப் போடட்டுமா?” சம்மதித்தால், வேலையின் பெயரையும் உங்கள் சீவியையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அழைப்பு வரும்போது அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தயங்கினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அரை மனதோடு சொல்லும் சான்றால் நன்மை இல்லை.

‘நொன் ரிலேட்டட்’ என்றால் உறவினர் அல்லாதவர். நம்ம பக்கத்தில் இதுதான் கஷ்டம். தாய்வழிக் குடி வழியாகவோ கலியாண வழியாகவோ பார்த்தால் பாதி ஊர் மாமாவும் மச்சானும்தான். வாயால் மாமா என்று அழைக்கும் அயலவரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், அவர்களின் கணவன் மனைவிமார், சொந்த மாமா மாமி, சித்தப்பா பெரியப்பா, இவர்களைத் தவிருங்கள். அரசியல்வாதியின் பெயரும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வேலையை அவர் பார்த்ததில்லை.

இரண்டு பேர் கேட்டால், ஒருவர் உங்கள் படிப்பை அறிந்தவராகவும் மற்றவர் உங்கள் வேலையை அறிந்தவராகவும் இருப்பது நல்லது. வேலை அனுபவம் இல்லையா? தொழிற்பயிற்சி தந்த போதனாசிரியர் இருக்கிறார், டியூஷன் வகுப்பில் உதவியாக வைத்திருந்த ஆசிரியர் இருக்கிறார். முழுப்பெயர், பதவி, வேலை செய்யும் இடத்தின் முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் எழுத வேண்டும். இலக்கத்தை அடித்த பிறகு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறி, அழைப்பு யாரோ ஒருவருக்குப் போன கதைகள் எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடும்போது பெரும்பாலும் ரெபரிக்கு நேரடியாக மின்னஞ்சலில் இணைப்பு வரும், அவர்தான் உள்ளே போய் எழுத வேண்டும். மின்னஞ்சல் தினமும் பார்க்காத சேர் என்றால், ஸ்பாமிலும் பார்க்கும்படி போன் பண்ணி நினைவூட்டுங்கள்.

மண்டூர்த் தங்கச்சிக்கும் இதையெல்லாம் சொன்னேன். முதல் பெட்டிக்கு அவருடைய கணக்கீட்டு சேர் என்று முடிவானது. வெளியே வேப்பமர நிழலில் நின்று அழைத்தார். சேர் சந்தோசமாகச் சம்மதித்து, மின்னஞ்சலை எழுத்து எழுத்தாகச் சொல்லி, திருப்பி வாசிக்கவும் சொன்னாராம்.

அப்புறம் அந்த விசில்காரர். “இவரை வெட்டுவமா?” என்று தங்கச்சி கேட்டார்.

“அவர் உங்களை எப்படி அறிவார்?”

“கழகத்துக்கு இரண்டு வருசமா சந்தாக் கணக்கு நான்தான் எழுதுறன். அவர்தான் தலைவர்.”

“சொந்தமா?”

“இல்லை அண்ணா, வேற குடி. எங்களுக்குச் சொந்தமில்லை.”

அவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கினார். பெயரை வெட்டவில்லை. ‘உதைபந்தாட்ட நடுவர்’ என்றிருந்ததை எடுத்துவிட்டு ‘விளையாட்டுக் கழகத் தலைவர்’ என்று அடித்தேன். இரண்டாவது பெட்டிக்கு அவரை மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.