முழு மணிச் செய்திக்குப் பிசகாமல் போய்ச் சேர்வது: நேரலை அறிவிப்பாளருக்கு

முழு மணிக்குச் செய்தி ஒலிபரப்பும் நிலையத்தில், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை நடத்துபவர் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். செய்தி வேறொரு ஸ்டுடியோவிலிருந்து வரும், நமக்காகக் காத்திருக்காது. நாம் 8 விநாடி பிந்தினால், செய்திக்காகவே வானொலியைப் போட்டவருக்கு முதல் தலைப்புச் செய்தி கிடைக்காமல் போகும்.

8:00:00-க்குச் செய்தி என்று வைத்துக்கொள்வோம். நிலைய அறிவிப்பு 10 விநாடி; அது 7:59:50-க்குத் தொடங்க வேண்டும். நிறைவு அறிவிப்புக்கு 30 விநாடி: 7:59:20. அதற்கு முந்தைய பாடல் 4 நிமிடம் 12 விநாடி: 7:55:08. பாடலுக்கான அறிவிப்பு 20 விநாடி: 7:54:48. பதிவு செய்த நேர்காணல் 6 நிமிடம் 35 விநாடி: 7:48:13. இந்த நேரங்களைக் கியூ ஷீட்டின் (உருப்படிகளை வரிசையாகக் குறித்த பட்டியலின்) ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். நிகழ்ச்சி ஓடும்போது ஒவ்வோர் உருப்படி தொடங்கும்போதும் கடிகாரத்தை அதோடு ஒப்பிட்டால், எத்தனை விநாடி முந்தியிருக்கிறோம், பிந்தியிருக்கிறோம் என்று உடனே தெரியும். சாதாரணக் கால்குலேட்டரில் 6.35 என்று தட்டிக் கழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 60 விநாடிக் கணக்கு அதற்குத் தெரியாது.

நிலையம் நேரக்குறி ஒலியும் தருமானால் அதையும் கழிக்க வேண்டும். பிபிசி பாணியிலான 6 பீப்பில் முதல் பீப் 59:55-இல் விழும். கடைசி நீண்ட பீப் தொடங்கும் கணமே முழு மணி. ஆகவே நம் குரல் 59:55-க்கு முன்பே நின்றிருக்க வேண்டும்.

பட்டியலில் உள்ள கால அளவை அப்படியே நம்பாதீர்கள். பாடலின் முடிவில் சில விநாடி வெறும் மௌனம் இருக்கலாம். இசை முடிந்ததுபோல் நின்று மறுபடி எழலாம். ஒவ்வோர் உருப்படியின் கடைசி 15 விநாடியையும் முன்கூட்டியே கேட்டு, கடைசிச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ‘நன்றி’ இரண்டு முறை வந்தால், இரண்டாவதுதான் முடிவு என்று தெளிவாக எழுதுங்கள். முதல் நன்றிக்கே மைக்கைத் திறந்து விருந்தினர் பேச்சில் குறுக்கிட்டவர்கள் எல்லா நிலையத்திலும் உண்டு.

எழுதி வாசிக்கும் அறிவிப்பின் நீளத்தைச் சொற்களை எண்ணி மதிப்பிட முடியாது. தமிழில் ஒரே சொல் ஏழெட்டு அசைக்கு நீளும். ஸ்டாப் வாட்சை வைத்து, ஒலிபரப்பில் பேசும் அதே வேகத்தில் வாய்விட்டு வாசியுங்கள். எண்களில் கூடுதல் கவனம் தேவை: 1,47,385 தாளில் ஒரு சொல் அளவுக்குத்தான் இருக்கிறது, வாசிக்கும்போது ‘ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து’ ஆகிவிடும்.

நேரம் மிஞ்சினால் கைகொடுப்பது வாத்திய இசை. 3 நிமிடம் 10 விநாடி ஓடும் ஒரு துண்டை 7:56:40-க்கு, ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் விசையை) மூடிய நிலையிலேயே ஓடவிடுங்கள். அது தானாகவே 7:59:50-க்கு முடியும். பாடல் முன்கூட்டியே முடிந்துவிட்டால், நிறைவு அறிவிப்பின் அடியில் ஃபேடரை மெல்ல ஏற்றிவிட்டு, பேச்சு முடிந்ததும் முழு அளவுக்குக் கொண்டுவரலாம். இசை இயல்பாக முடியும்; வெட்டிய உணர்வு கேட்பவருக்கு வராது. குரலோடு கூடிய புதுப் பாட்டைப் போட்டு 20 விநாடியில் அமுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிந்திவிட்டால் வேகமாக வாசிக்காதீர்கள். வேகத்தில் நாக்கு குழறும். திருத்திச் சொல்ல, மிச்சம் பிடித்ததைவிட அதிக நேரம் போகும். எதைக் குறைப்பது என்பதை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே முடிவு செய்து வையுங்கள். பாடலென்றால் ஒரு சரணம் முடிந்து இடையிசை வரும் இடத்தின் நேரத்தைக் குறித்து, அங்கே 4, 5 விநாடியில் மெல்ல இறக்குங்கள். வரியின் நடுவே இறக்கவே கூடாது. அறிவிப்பில் எந்த வாக்கியத்தை விடலாம் என்று அடைப்புக்குறி போட்டு வைத்தால், மைக் முன் யோசிக்க வேண்டியதில்லை.

ஹெட்ஃபோனில், உங்கள் முன் இருக்கும் கன்சோலிலிருந்து (ஒலிக்கலவை மேசையிலிருந்து) நேராக வரும் ஒலியையே கேளுங்கள். டிஜிட்டல் ஒலிபரப்பும் இணைய ஒலிபரப்பும் பல விநாடி பின்தங்கும். அதைக் கேட்டுக்கொண்டு நேரம் பார்த்தால் கணக்கு முழுவதும் தவறும். பார்க்கும் கடிகாரமும் நிலையத்தின் மையக் கடிகாரமாக இருக்கட்டும், கைபேசி வேண்டாம்.

செய்தி தொடங்கியதும் முதல் வேலை, உங்கள் மைக் ஃபேடர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பதிவேட்டில் ஒவ்வோர் உருப்படியும் உண்மையில் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். பட்டியல் தந்த கால அளவு பிழையென்றால் அதையும் திருத்தி வையுங்கள். அதே பாடலை அடுத்து எடுப்பவருக்குச் சரியான எண் கிடைக்கும்.