எந்த ஹெராக்ளியா? ஒரே பெயருள்ள கிரேக்க ஊர்களையும் அவற்றின் அறிஞர்களையும் பிரித்தறிவது எப்படி

கிரேக்கத் தத்துவம் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ‘ஹெராக்ளியாவைச் சேர்ந்தவர்’ என்று ஒருவராவது வந்துவிடுவார். எந்த ஹெராக்ளியா என்று புத்தகம் பெரும்பாலும் சொல்லாது. கருங்கடல் கரையில் ஒன்று, தெற்கு இத்தாலியில் ஒன்று, சிசிலியில் ஒன்று, தெர்மோபிலே கணவாய்க்குப் பக்கத்தில் ஒன்று, இன்றைய வடக்கு மாசிடோனியாவில் ஒன்று, பல்கேரியாவில் ஒன்று. துருக்கிக்குள் மட்டும் மூன்று நான்கு. ஹெராக்ளீஸ் என்ற வீரனின் பெயரை ஊருக்கு வைக்கக் கிரேக்கர்களுக்குச் சலித்ததே இல்லை.

நான் மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து, கடைசியில் வரும் பெயரடைவையும் தயாரித்துக் கொடுக்கிறேன். ‘ஹெராக்ளியா’ என்று ஒரே வரியாக எழுதி, எதிரே எல்லாப் பக்க எண்களையும் போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்த எண்களில் பாதி வேறு ஊருக்கு உரியவை என்றால், நம்பி வரும் வாசகரை நாமே தப்பான கரையில் இறக்கிவிடுகிறோம். ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்தால்தான் அவர் யாரிடம் படித்தார், யாரோடு சண்டை போட்டார், எந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தார் என்பதெல்லாம் விளங்கும். அதனால் நான் கையாளும் முறையை எழுதுகிறேன். மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உதவும்.

முதல் வேலை, ஆளையும் ஊரையும் பிரிப்பது. ஹெராக்ளீஸ் புராண வீரன். ஹெராக்ளியா ஊர். ஹெராக்ளிடீஸ் ஆளின் பெயர், அதுவும் கிரேக்க உலகம் முழுக்கப் பரவியிருந்த பெயர். ஹெராக்ளிட்டஸ் இன்னொருவர். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்ற கருத்தோடு நாம் சேர்த்து நினைக்கிற அவர் எபேசஸ் நகரத்துக்காரர். எந்த ஹெராக்ளியாவோடும் அவருக்குத் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போது இந்த நான்கும் ஒன்றுபோலவே கண்ணில் படும். மூலநூலில் இருக்கும் எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எதுவும் சரியாக வராது.

அப்புறம் ஊருக்கு ஓர் அட்டை போடுங்கள். நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுத்தில்லாத பக்கத்தைத்தான் பயன்படுத்துகிறேன். கெட்டியாக இருக்கும், பென்சில் நன்றாகப் பிடிக்கும். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும்: எந்தக் கடல், எந்தத் தாய்நகரம் (அதாவது குடியேறியவர்கள் எந்த நகரத்திலிருந்து வந்தார்கள்), எந்தக் காலம்.

கடல்தான் பெரும்பாலும் முதலில் கைகொடுக்கும். கிரேக்க எழுத்தாளர் செனோபோனின் ‘அனபாசிஸ்’ நூலில் ஹெராக்ளியா வருகிறது. பாரசீகத்திலிருந்து ஊர் திரும்பும் கிரேக்கக் கூலிப்படை கருங்கடல் ஓரமாக வந்து அங்கே இறங்குகிறது. மெகாராவினர் குடியேறிய ஊர், மரியாண்டினோய் மக்களின் நாட்டில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுகிறார். கெர்பெரஸ் என்ற பாதாள நாயைப் பிடிக்க ஹெராக்ளீஸ் இறங்கிய இடம் பக்கத்தில்தான் என்றும் சொல்கிறார். ஊர்க்காரர்கள் விருந்தாக அனுப்பியது 3,000 மெதிம்னோஸ் (கிரேக்கத் தானிய அளவு) பார்லி மாவு, 2,000 ஜாடி திராட்சை மது, 20 மாடு, 100 ஆடு. அதை வாங்கிக்கொண்ட படையில் சிலர், இது போதாது, பணமும் கேட்போம் என்று கிளம்ப, நகரம் வாசலை அடைத்து மதில் மேல் ஆயுதத்தோடு நின்றது. கடல், தாய்நகரம், பூர்வகுடி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் இப்படிப்பட்ட பகுதி கண்ணில் பட்டால் அட்டையில் முதலில் ஏற்றுங்கள். இதுதான் ஹெராக்ளியா போன்டிக்கா, இன்றைய துருக்கியின் கரடெனிஸ் எரேலி. இப்போது பெரிய எஃகு ஆலை உள்ள துறைமுக ஊர். அந்தப் பாதாளக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் குகைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

தாய்நகரத்தைப் பொறுத்தவரை பழைய ஆசிரியர்களே ஒத்துப்போக மாட்டார்கள். போன்டிக்காவை நிறுவியவர்கள் மிலேட்டஸ்காரர்கள் என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ. செனோபோன் மெகாரா என்கிறார். இப்படி வரும்போது கல்வெட்டின் பக்கம் போங்கள். மிலேட்டஸ்காரர்கள் அயோனியக் கிளைமொழி பேசுபவர்கள், மெகாராவினர் டோரிக் பேசுபவர்கள். போன்டிக்காவிலிருந்து போனவர்கள் கிரிமியாவில், இன்றைய செவஸ்தபோல் அருகே, கெர்சொனேசஸ் என்ற நகரத்தை அமைத்தார்கள். அங்கே கிடைத்த குடிமக்கள் உறுதிமொழிக் கல்வெட்டு டோரிக்கில் இருக்கிறது. பேத்தி பேசும் மொழி பாட்டியின் ஊரைக் காட்டிக்கொடுப்பது போலத்தான். ஆகவே கி.மு. 560 வாக்கில் மெகாராவினரும் அவர்களோடு பியோஷியர்களும் சேர்ந்து குடியேறிய ஊர் என்று எழுதலாம். ஸ்ட்ராபோவின் கூற்றை அடிக்குறிப்பில் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். ஏனென்றால் அதே இடத்தில்தான், நிலத்தை இழந்த மரியாண்டினோய் மக்கள் அடிமைபோல் உழைக்க வைக்கப்பட்டார்கள், ஆனால் அவர்களை நாட்டுக்கு வெளியே விற்கக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது என்ற செய்தியும் கிடைக்கிறது. குடியேற்ற நகரம் என்று நாம் அழகாக எழுதும் சொல்லுக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது. என் அட்டையில் தத்துவ அறிஞர்களின் பெயர்களுக்கு மேலே இந்த மக்களின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மற்ற அட்டைகள் சின்னவை. கி.மு. 280இல் பைரஸ் மன்னன் யானைகளோடு ரோமானியர்களைத் தோற்கடித்த ‘ஹெராக்ளியா போர்’ வந்தால், அது தெற்கு இத்தாலியின் லுக்கானியாவில் உள்ள ஊர், இன்றைய பொலிகோரோ. டாரன்டம் நகரம் கி.மு. 432 வாக்கில் அமைத்தது. அங்கே கிடைத்த நில அளவை விவரங்கள் உள்ள வெண்கலப் பலகைகள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மினோவா என்ற ஒட்டு வந்தால் சிசிலி. பெலொப்பனேசியப் போரின் நடுவே ஸ்பார்ட்டா கி.மு. 426இல் ஓர் ஊரை நிறுவியது என்றால் தெர்மோபிலே பக்கத்து ஹெராக்ளியா. லின்கெஸ்டிஸ் என்றால் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அமைத்தது, இன்றைய பிட்டோலா அருகே. லாட்மஸ் மலையடிவார ஹெராக்ளியா ஒருகாலத்தில் கடலோர ஊர். மேயாண்டர் ஆற்று வண்டல் வளைகுடாவை அடைத்துவிட்டதால் இப்போது பாஃபா ஏரிக்கரையில் இருக்கிறது. பல்கேரியாவின் ஹெராக்ளியா சின்டிக்கா எங்கே என்பது 2002இல் ருப்பித்தே அருகே கிடைத்த லத்தீன் கல்வெட்டால்தான் உறுதியானது.

காலம் என்ற மூன்றாவது விஷயத்தை விட்டுவிட்டால் ஒரு குழி காத்திருக்கிறது. மர்மரா கடலோரத்தில் சாமோஸ் தீவினர் குடியேறிய பெரிந்தஸ் என்ற ஊர், ரோமப் பேரரசின் பிற்காலத்தில் ஹெராக்ளியா என்று பெயர் மாறியது. பைசாந்தியத் திருச்சபை வரலாற்றில் ‘ஹெராக்ளியாவின் பேராயர்’ என்று வருபவர் பொதுவாக இந்த ஊர்க்காரர்தான். புவியியலாளர் தாலமியையோ தத்துவ அறிஞர் பிளேட்டோவையோ பேசும் பக்கத்தில் வரும் ஹெராக்ளியாவோடு இதைக் கலந்துவிடாதீர்கள்.

சரி, இனி அறிஞர்கள். இங்கேதான் போன்டிக்கா மற்ற எல்லா ஹெராக்ளியாக்களையும் விட உயர்ந்து நிற்கிறது. முதலில் வருபவர் ஹெரோடோரஸ், ஹெராக்ளீஸின் கதையைப் பல தொகுதிகளாக எழுதியவர். அரிஸ்டாட்டில் இவரை ‘சோஃபிஸ்ட் (கூலிக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்) பிரைசனின் தகப்பன்’ என்று குறிப்பிட்டு, பிணந்தின்னிக் கழுகுகள் நமக்குத் தெரியாத வேறொரு தேசத்திலிருந்து வருகின்றன என்று இவர் சொன்னதைப் பதிவு செய்கிறார். மகன் பிரைசன், வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரைய முயன்றவர். வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் பலகோணங்களை வரைந்து நடுவில் விடை இருக்கிறது என்று வாதிட்டார். அரிஸ்டாட்டிலுக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. இப்படித் தகப்பன் பெயரைச் சொல்லும் ஒரு வரி கிடைத்தால் இரண்டு பேரின் ஊர் ஒரே சமயத்தில் உறுதியாகிவிடும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

அரசியலிலும் தத்துவம் புகுந்த ஊர் இது. பிளேட்டோவிடமும் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோக்ரட்டீஸிடமும் படித்த கிளியார்கஸ் கி.மு. 364இல் இங்கே கொடுங்கோலனாக ஆட்சியைப் பிடித்தான். நூலகம் அமைத்தவன் என்று உள்ளூர் வரலாற்றாசிரியர் மெம்னோன் எழுதுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவனைக் குத்திக் கொன்றவர்களில் கியோன் என்பவரும் பிளேட்டோவின் மாணவரே. மெம்னோனின் நூல் இன்று இல்லை. ஃபோட்டியஸ் என்ற பைசாந்திய அறிஞர் படித்துச் சுருக்கி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. பெயரடைவில் மெம்னோன் வரும் இடத்தில் ஃபோட்டியஸையும் சேர்த்துப் போடுங்கள்.

நான் மிகவும் மதிக்கும் மனிதர் ஹெராக்ளிடீஸ் போன்டிக்கஸ். கி.மு. 390 வாக்கில் பிறந்தவர், பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் இருந்தவர். வானம் சுற்றுவதுபோல் தெரிவதற்குக் காரணம் பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காக நாளுக்கு ஒரு முறை சுழல்வதுதான் என்று சொன்னவர். புதனும் வெள்ளியும் சூரியனைச் சுற்றுகின்றன என்பதையும் சிலர் இவர் பெயரில் ஏற்றுவார்கள். அதற்கான சான்றில் கருத்து வேறுபாடு உண்டு. பூமியின் சுழற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கல்விக்கூடத்தின் தலைவர் தேர்தலில் கிசெனோக்ரட்டீஸிடம் தோற்று ஊருக்குத் திரும்பினார்.

தத்துவ அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் இவரைச் சுற்றிச் சொல்லும் கதையை முழுதாகப் படித்தால் ஊர்ப்பெயர் ஏன் முக்கியம் என்பது புரியும். ஹெராக்ளிடீஸ் தானே துன்பியல் நாடகங்கள் எழுதி, பழைய நாடகாசிரியர் தெஸ்பிஸ் எழுதியவை என்று பெயர் போட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு. ஹோமர், ஹெசியட் பற்றிய என் நூலைத் திருடிவிட்டார் என்று இன்னொரு புகார். சொன்னவர் கமாயிலியோன், அவரும் ஹெராக்ளியாக்காரர். மூன்றாவது ஆள் டயோனிசியஸ், அவரும் அதே ஊர். அவர் ‘பார்த்தெனோபாயஸ்’ என்று ஒரு நாடகம் எழுதி, புகழ்பெற்ற நாடகாசிரியர் சோஃபோக்ளீஸ் எழுதியது என்று வெளியே விட்டார். ஹெராக்ளிடீஸ் அதை நம்பித் தன் நூலில் சோஃபோக்ளீஸ் வரிகளாக மேற்கோள் காட்டிவிட்டார். நான்தான் எழுதினேன் என்று டயோனிசியஸ் சொன்னார். இவர் நம்பவில்லை. வரிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள், என் அன்புக்குரிய பன்கலோஸின் பெயர் வரும் என்றார் அவர். தற்செயலாக அமைந்திருக்கும் என்றார் இவர். இன்னும் படியுங்கள் என்று காட்டினால், கிழக்குரங்கு பொறியில் சிக்காது, சிக்கும், நாளாகும் என்ற பொருளில் வரிகள். ஹெராக்ளிடீஸுக்கு எழுத்து தெரியாது, அதற்காக வெட்கமும் இல்லை என்றுகூட ஒரு வரி.

மூன்று பேரும் ஒரே ஊர் என்று அடைவில் காட்டினால்தான் இது ஊர்ச் சண்டையாகவும் ஊர்ப் பாசமாகவும் படிக்கக் கிடைக்கும். டயோனிசியஸ் முதலில் பாடம் கேட்டதே ஹெராக்ளிடீஸிடம்தான் என்கிறார் டயோஜெனிஸ். பிறகு ஸ்டோயிக் பள்ளியை நிறுவிய சீனோவின் மாணவரானார். கண்வலி வாட்டியபோது, வலி ஒரு பொருட்டே அல்ல என்ற ஸ்டோயிக் பாடத்தை இனி ஏற்க முடியாது என்று பள்ளியை விட்டு வெளியேறினார். ‘கட்சி மாறியவர்’ என்ற பட்டம் அதனால்தான் அவருக்கு. டயோனிசியஸ் என்ற பெயரில் சிசிலியின் சிரக்கூஸ் நகரக் கொடுங்கோலர்கள் இருவர் உண்டு, இந்த ஹெராக்ளியாவை ஆண்ட ஒருவனும் உண்டு. அந்தப் பட்டத்தோடு சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது.

சரிபார்க்க ஒரு நல்ல இடம் டயோஜெனிஸ் லேர்ஷியஸின் வாழ்க்கை வரலாறுகளிலேயே இருக்கிறது. பல வாழ்க்கைகளின் முடிவில் அதே பெயர் கொண்ட மற்றவர்களின் பட்டியலைத் தருவார். ஹெராக்ளிடீஸ் என்று 14 பேர் என்கிறார். இந்தப் பட்டியல்களுக்கு அவர் அடிக்கடி நம்பியது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மக்னீசியாவின் டெமெட்ரியஸை. ஒரே பெயருள்ள எழுத்தாளர்களுக்கு ஒரு நூல், ஒரே பெயருள்ள நகரங்களுக்கு ஒரு நூல் என்று எழுதியவர். இரண்டும் இன்று கிடைப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இதே வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஊக்கம்.

எல்லா அட்டையையும் புரட்டியும் முடிவுக்கு வராத ஆட்கள் உண்டு. ஓவியர் ஸியூக்ஸிஸ் ஹெராக்ளியாக்காரர் என்பது தெரியும். லுக்கானியாவா, போன்டிக்காவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்குத் தனி வரி ஒதுக்கி, இரண்டு ஊரையும் குறித்து, நடுவில் கேள்விக்குறி போடுங்கள். ஏதோ ஒன்றில் அடைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பெயரை அவசியம் தேடிப் பாருங்கள், நம் கடலோடு தொடர்புள்ளவர். மார்சியன் என்ற புவியியலாளர் போன்டிக்காக்காரர், பிற்காலத்தவர், தாலமியை அடிப்படையாக வைத்து ‘வெளிக்கடல்’ வழிகளை எழுதியவர். இந்தியக் கரையும் தப்ரபேன் என்று கிரேக்கர்கள் அழைத்த இலங்கையும் அதில் வருகின்றன. பழங்காலக் கடல்வழி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘ஹெராக்ளியாவின் மார்சியன்’ என்று வந்தால், ‘ஹெராக்ளியா (போன்டிக்கா)’ என்ற வரியின் கீழ் அவரை வைத்து, நூற்றாண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். அவருக்கும் ஹெராக்ளிடீஸுக்கும் நடுவே 600 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.