நோர்வேயில் பிள்ளைகளோடு மொழி பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோர்வேக்குக் குடும்பத்தோடு புதிதாக வருகிறவர்கள், இருபது முப்பது வருடங்களுக்கு முன் வந்தவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் இன்றும் விடுகிறார்கள். கையில் செயலி இருக்கிறது, மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது. பிழை மட்டும் மாறவில்லை. "தினமும் பழகுங்கள்", "தொலைக்காட்சி பாருங்கள்" என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த புத்திமதி, அதை விட்டுவிடலாம். பிள்ளை வளரும் வீட்டில் மொழி எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது

வகுப்பில் கேட்ட சொல்லைத் தமிழில் எழுதி வைத்தால் மறக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் ஒரே வல்லின எழுத்துத்தான். நோர்வேஜிய மொழியில் காரும் அம்பும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பீல்'. காருக்குத் தொண்டை அதிர வேண்டும், அம்புக்கு உதடு மட்டும் வெடிக்க வேண்டும். நாளும் கூரையும் அப்படித்தான், இரண்டும் கொப்பியில் 'தாக்' ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் படித்துப் பழகிய வாய், கடைக்காரருக்குப் புரியாத ஒரு மொழியைப் பேசும். இந்தக் கட்டுரையில் உள்ள தமிழ் எழுத்துகளும் அடையாளத்துக்கு மட்டுமே. உச்சரிப்புக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

ஆனால் தமிழ்க் காதும் தமிழ் நாக்கும் இரண்டு இடங்களில் பெரிய உதவி. முதலாவது குறில் நெடில். கூரை 'தாக்', நன்றி 'தக்'. எழுத்தில் மெய் இரட்டித்து வந்தால் அதற்கு முந்தைய உயிர் குறில், ஒற்றை மெய் வந்தால் பெரும்பாலும் நெடில். மற்ற நாட்டவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த விதி நமக்கு அரிச்சுவடி. இரண்டாவது ட, ண, ள. ஒஸ்லோவிலும் அதைச் சுற்றியுள்ள கிழக்குப் பகுதியிலும் ரகரத்தோடு சேரும் னகரம் ணகரமாக மடங்கும். குழந்தை என்ற சொல்லை 'பார்ன்' என்று எழுத்துக் கூட்டத் தேவையில்லை. கடையில் வாங்கும் பாணை நினைத்துக்கொண்டு முதல் ஒலியை மட்டும் அதிரவிட்டால் சரியாக வந்துவிடும். பேர்கனிலோ ஸ்தவாங்கரிலோ இருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது. அங்கே ரகரம் தொண்டையிலிருந்து வருகிறது, இப்படி மடங்குவதில்லை.

'ஹல் ஒத்தெ' எட்டரை அல்ல

ஏழரை. 'அரை எட்டு' என்று சொன்னால் எட்டை நோக்கிப் போகும் பாதி வழி என்று பொருள். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய், காலிக் கதிரைகளைப் பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். இதன் வாலும் நீளம்: 'ஃபெம் போ ஹல் ஒத்தெ' 7.25, 'தீ ஓவெர் ஹல் ஒத்தெ' 7.40. சந்தேகம் வந்தால் எண்ணாகவே திருப்பிக் கேளுங்கள்: "ஸ்யூவ் த்ரெத்தி?" 'நெஸ்தெ ஃப்ரேடாக்' ('அடுத்த வெள்ளி') என்பதும் இதே ஜாதி. பலரும் அதை இந்த வெள்ளியாக எண்ணாமல் அடுத்த வார வெள்ளியாகவே சொல்கிறார்கள். திகதியைக் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூட அறிவிப்புகளில் திகதிக்குப் பதிலாக வார எண் மட்டும் இருக்கும். ஒஸ்லோவில் குளிர்கால விடுமுறை 8ஆம் வாரம், இலையுதிர்கால விடுமுறை 40ஆம் வாரம். நாட்காட்டியில் வார எண் தெரியும்படி கைபேசியை இன்றே மாற்றி வையுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது

எல்லாவற்றிலும் விலை கூடியது இதுதான். இதைச் செய்கிறவர்களில் பாதிப்பேர் பெருமையோடு செய்கிறார்கள் என்பது இன்னும் எரிச்சல்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. பிள்ளைக்கு ஏழெட்டு வயது, பார்னஹாகெ என்னும் பாலர் பள்ளியிலிருந்தே நோர்வேஜிய மொழி சரளம். தபாலில் ஒரு கடிதம் வருகிறது. "இதில என்ன போட்டிருக்கு, பார்த்துச் சொல்லு" என்று நீட்டுகிறோம். பிறகு தொலைபேசியை நீட்டுகிறோம். பிறகு பல் மருத்துவரிடம், சுகாதார நிலையத்தில், வங்கியில் பிள்ளை முன்னால், நாம் பின்னால். கொஞ்ச நாளில் பிள்ளையின் பள்ளிக்கூட நேரத்தைப் பார்த்துத்தான் வீட்டு அலுவல்களையே வைக்கிறோம்.

இதன் உச்சம் பள்ளிக்கூடத்தில் நடக்கும். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை வகுப்பாசிரியர் பெற்றோரோடு உட்கார்ந்து பிள்ளையின் முன்னேற்றத்தைப் பேசுவார். பிள்ளையும் கூட இருக்கும். "பாடத்தில் கவனம் குறைகிறது, வீட்டுப்பாடம் மூன்று கிழமையாக வரவில்லை" என்கிறார் ஆசிரியர். நடுவில் இருப்பவர் மொழிபெயர்க்கிறார்: "நல்லாப் படிக்கிறேனாம் அம்மா." அம்மா சிரித்து, தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வருகிறார். ஆசிரியருக்கு ஒரே குழப்பம்: இந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையே இல்லையா? பத்து வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் மொழிபெயர்த்திருப்பார்கள். பிழை அந்த நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்தவர்களுடையது.

சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. அம்மாவின் மார்பில் கட்டி, அப்பாவின் கடன் தவணை, வேலையிலிருந்து நீக்கும் கடிதம் எல்லாம் ஒரு சிறு பிள்ளையின் வாய் வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. அந்தச் செய்தியை முதலில் தாங்குவது அந்தப் பிள்ளைதான்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, அரச நிறுவனங்கள் 18 வயதுக்குட்பட்டவர்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக்கூடாது. உயிராபத்து போன்ற அவசரங்களுக்கு விலக்கு உண்டு. தேவைப்படும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அவர்களுடைய கடமை. பலர் இதைக் கேட்காமல் இருப்பது வெட்கத்தால், அல்லது 'அவர்களுக்குத் தொந்தரவு' என்ற நினைப்பால். கேட்க வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று: "யை த்ரெங்ஙெர் தொல்க் போ தமில்." நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். அன்று காலையில் போய்ச் சொன்னால் ஆள் கிடைக்காது. கடிதத்தில் நேரம் குறித்து வந்திருந்தால் அதே நாளில் பதில் போடுங்கள். ஆசிரியர் சந்திப்புக்கும் இதே வழிதான்.

இதற்குள் இன்னொரு நட்டம் ஒளிந்திருக்கிறது. பிள்ளை வாசித்துத் தரும் ஒவ்வொரு கடிதமும் நீங்கள் படிக்காமல் விட்ட ஒரு பாடம். அரச கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. பத்துக் கடிதம் கையால் படித்தவருக்குப் பதினோராவது பயமாக இருக்காது. வந்த கடிதத்தைக் கருவியில் போடுவதற்கு முன் பத்து நிமிடம் பென்சிலோடு உட்காருங்கள். திகதி, இடம், கடைசி நாள் ஆகிய மூன்றையும் வட்டமிடுங்கள். 'ஃப்ரிஸ்த்' என்ற சொல் தென்பட்டால் அதற்குப் பக்கத்தில்தான் கடைசி நாள் இருக்கும். பிறகு கருவியில் போட்டு, எவ்வளவு சரியாகப் பிடித்தீர்கள் என்று பாருங்கள். தொலைபேசி எடுப்பதற்கு முன் முதல் மூன்று வசனங்களைத் தாளில் எழுதி வையுங்கள். மறுமுனை வேகமாகப் போனால், "கன் டூ ஸென்னெ டெ போ எஸ்-எம்-எஸ்?" என்று குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள்.

மொழிபெயர்ப்பாளராக்கியது போதாது என்று, பிள்ளையை வைத்து மொழி பழகுகிறவர்களும் உண்டு. 'எனக்கும் பயிற்சி, பிள்ளைக்கும் பயிற்சி' என்று வீட்டில் நோர்வேஜிய மொழியிலேயே கதைக்கத் தொடங்குகிறார்கள். பிள்ளைக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை. பார்னஹாகெயும் பள்ளிக்கூடமும் விளையாட்டுக் கழகமும் அதை உங்களைவிடப் பல மடங்கு நன்றாகக் கொடுக்கும். உங்களிடம் இருக்கும் நோர்வேஜிய மொழி வா, சாப்பிடு, படு, சட்டை போடு என்ற ஏவல்கள்தான். அந்த மொழியில் பகிடி விட முடியாது, கோபத்தைப் பக்குவமாகச் சொல்ல முடியாது, ஏன் கூடாது என்று விளக்க முடியாது. பிள்ளை நாலு வயதில் இருக்கும்போது இது உறைக்காது. பதின்மூன்று வயதில் ஒரு நாள் அழுதுகொண்டு வந்து ஏதோ சொல்ல முயலும்போதுதான், இருவருக்கும் பொதுவாக ஒரு முழு மொழி இல்லை என்பது தெரியவரும். ஊரில் இருக்கும் அம்மம்மாவோ அதற்கு முன்பே தொலைபேசியில் 'எப்படி இருக்கிறாய்' என்பதோடு நின்றுவிட்டிருப்பார்.

சுகாதார நிலையத்தில் தாதியரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: உங்களுக்கு எது நன்றாக வருமோ அதில் பிள்ளையோடு பேசுங்கள். "ரெயின்தொய் எடுத்துப் போடு" என்று தமிழ் வசனத்துக்குள் மழை உடுப்பின் நோர்வேஜியப் பெயர் வருவதில் குற்றமில்லை. வசனம் தமிழாக இருந்தால் போதும். வீட்டில் நோர்வேஜியப் பாடம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தின் வாசிப்புப் பாடத்தைப் பயன்படுத்துங்கள். பிள்ளை ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கட்டும், நீங்கள் எழுத்தைப் பின்தொடருங்கள். முடிந்ததும் "கதையில என்ன நடந்தது?" என்று தமிழில் கேளுங்கள். உங்கள் காது நோர்வேஜிய மொழிக்குப் பழகும், பிள்ளையின் வாய் தமிழுக்குப் பழகும். தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. உங்கள் ஊர் நூலகத்தின் மூலமே வரவழைக்கலாம்.

நீங்கள் பேசிப் பழக வேண்டியது வெளியில் இருக்கும் பெரியவர்களோடு. நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களுக்குப் போகலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 'ஓபென் பார்னஹாகெ' அதைவிட நல்லது. பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது, பெற்றோரும் கூடவே இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே வசதி. பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் தூக்கத்தையும் பல் முளைப்பதையும் பற்றிப் பேச்சு தானாகவே தொடங்கும். கிழமைக்குக் கிழமை அதே சொற்கள் திரும்பி வரும்.

அறிவிப்பை ஆங்கிலக் கண்ணால் படிப்பது

'ஃப்ரீ' என்று போட்டிருந்தால் இலவசம் அல்ல, அன்று விடுமுறை. 'ப்ளான்லெக்கிங்ஸ்டாக்' என்பதைக் கருவி 'திட்டமிடல் நாள்' என்று அழகாகப் பெயர்த்துத் தரும். யாரோ திட்டமிடுகிறார்கள் என்று நினைத்துப் பிள்ளையைக் கூட்டிப்போனால் கதவு பூட்டியிருக்கும். பார்னஹாகெக்கு இப்படி வருடத்தில் ஐந்து நாட்கள் வரும், முன்கூட்டியே நாட்காட்டியில் ஏற்றுங்கள். 'ஹுஸ்க் ஷிஃப்ட்' என்று வந்தால் உங்கள் இரவு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாற்றுடுப்பு வைக்கச் சொல்கிறார்கள். உள்ளாடை முதல் காலுறை வரை முழு சோடி, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர்.

பிள்ளைக்கு வருத்தம் என்று அறிவிக்கும்போது

இங்கே இரண்டு பிழைகள். ஒன்று வசன ஒழுங்கு. தமிழில் வினை கடைசியில் உட்காரும், இங்கே அதன் கதிரை இரண்டாவது. முதல் கதிரையில் 'இன்று' உட்கார்ந்துவிட்டால் வினை நகராது, எழுவாய்தான் பின்னால் போக வேண்டும். ஆகவே "இ டாக் ஹுன் ஏர் ஸ்யூக்" பிழை, "இ டாக் ஏர் ஹுன் ஸ்யூக்" (இன்று அவளுக்குச் சுகமில்லை) சரி. இந்த ஒரு வசனத்தைச் சரியாகப் பழகினால் நூறு வசனம் சரியாகும்.

மற்றது காய்ச்சல் அளவை மட்டும் சொல்வது. அவர்கள் கேட்பது 'அல்மென்தில்ஸ்தான்', அதாவது பிள்ளையின் பொதுவான நிலை: விளையாடுகிறதா, சாப்பிடுகிறதா, சோர்ந்து கிடக்கிறதா? வாந்தி வயிற்றோட்டம் என்றால் 'ஒம்கங்ஸ்ஸ்யூக்கெ' என்ற சொல்லைப் போடுங்கள். கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கொண்டுபோகலாம். வேலை இடத்துக்கு "எனக்குச் சுகமில்லை" என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைக்குச் சுகமில்லாததற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. ஒன்று இரண்டு பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 10 நாள், மூன்றோ அதற்கு மேலோ என்றால் 15. பிள்ளைக்கு 12 வயது நிறையும் வருடம் முடியும்வரை இது செல்லும்.

ஆங்கிலத்தில் தொடங்குவது

முதல் நாள் எந்த மொழியில் தொடங்கினீர்களோ, அந்த ஆளோடு அதுதான் கடைசிவரை.

பாடப்புத்தக மொழி மட்டும் போதும் என்று இருப்பது

வகுப்பில் 'நான்' என்பது 'யை'. த்ரொம்ஸோவில் அது 'ஏ', பேர்கனில் 'எக்'. 'என்ன' என்பதற்கு வகுப்பில் 'வா', அந்த இரண்டு ஊர்களிலும் 'கா'. யாழ்ப்பாணத்துத் தமிழும் மதுரைத் தமிழும் போலத்தான், யாரும் இதை வெட்கப்பட்டு மறைப்பதில்லை. வானொலி நிகழ்ச்சி நடத்துகிறவர்கூடத் தன் ஊர்ப் பேச்சில் பேசலாம். எழுதுவதை வகுப்பில் பழகுங்கள், கேட்பதைப் பார்னஹாகெயின் உடுப்பறையில் பழகுங்கள். காலையும் மாலையும் அங்கே கிடைக்கும் அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கிறது.

மரியாதைக்கு 'நீங்கள்' தேடுவது

இன்று அது பேச்சு வழக்கில் இல்லை. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் 'டூ' (நீ) தான், பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.