கோடையில் பிரான்மலை ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு மலை என்றால் குன்றக்குடிதான். படியேறி, சண்முகநாதரைக் கும்பிட்டு, கையோடு இறங்கி வந்து காபி குடித்துவிடலாம். அதே நினைப்போடு பிரான்மலைக்குப் போவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டி, பாரியின் பறம்பு மலை என்று நாம் சொல்லிக்கொள்ளும் அது ஏறத்தாழ 2,500 அடி. கீழே கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. நடுவே இருப்பது பாறை.

“மேலே போனால் குளுகுளுவென்று இருக்கும்” என்பார்கள். இருக்காது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ்தான் குறையும். கொடைக்கானல் 7,000 அடி என்பதால் அங்கே ஸ்வெட்டர் வேண்டும். இங்கே உச்சியில் குறையும் நாலைந்து டிகிரியை மொட்டைப் பாறை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

அடுத்தது புறப்படும் நேரம். ஒரு மே மாதம் நானும் அத்தை மகனும் வீட்டில் பணியாரமும் கந்தரப்பமும் வயிறு முட்டச் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். மோர் விற்ற ஆயா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பத்தான் போறீகளா தம்பி? ஏறிருவீக. இறங்கறப்ப மணி என்னன்னு நெனச்சீகளா?” நாங்கள் நினைக்கவில்லை. ஏறும் நேரத்தை மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தோம். இறங்கும்போது மணி ஒன்று. பிடித்து இறங்கலாம் என்று பாறையில் கை வைத்தால் வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி இருந்தது. காலை எட்டரைக்குள் உச்சி, பத்தரைக்குள் அடிவாரம் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

காலில் என்ன போடுவது? ரப்பர் செருப்பு வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். பரணில் நாலு வருஷம் கிடந்த ஷூவும் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அத்தை மகனின் ஷூ பார்க்கப் புதுசு. பசை காய்ந்துபோயிருந்தது. பாதி இறக்கத்தில் வலது கால் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. துண்டைக் கிழித்துக் கட்டித்தான் கீழே வந்தான். போவதற்கு முந்தைய வாரம் இரண்டு நாள் அதைப் போட்டுத் தெருவில் நடந்து பாருங்கள்.

பாதை காய்ந்துதானே கிடக்கிறது, வழுக்காது என்று நம்புவதும் தவறு. கோடையில் சரிவான பாறைமேல் பொடிக்கல்லும் சருகும் சேர்ந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கடுகைச் சிந்திவிட்டு நடப்பது போலத்தான். ஏறும்போது அது தெரியாது, இறங்கும்போதுதான் காலை வாரும். குதிகாலை ஊன்றிச் சாயாமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். குறுக்கு வழி என்று ஆட்டுத் தடத்தில் இறங்காதீர்கள். ஆடு முள்புதருக்கு அடியில் நுழைந்து போய்விடும், நம்மால் முடியாது.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். உச்சியில் நிற்கும்போது அதில் பாதி மிச்சம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். கொண்டுபோகிறவர்கள் ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் சத்து என்று நினைப்பு. அப்படிக் குடித்தால் வயிற்றுப்போக்குதான் வரும், தாகமும் கூடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

கூட வந்தவருக்குத் தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஏறுவது அத்தோடு முடிந்தது. பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பீடி, சிகரெட், அடுப்பு மூட்டுவது எதுவும் வேண்டாம். புல் காய்ந்து கிடக்கும் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வனத்துறை பாதையை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள், பக்கவாட்டில் வழி தேட வேண்டாம்.

அப்புறம், வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் ஏறலாம் என்று ஒரு யோசனை வரும். கோடை மழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இடியோடு இறங்கும். மொட்டைப் பாறையில் நிற்கும் நீங்கள்தான் அங்கே உயரமான பொருள். தூரத்தில் இடிச்சத்தம் கேட்டாலே, உச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் என்றாலும், இறங்கத் தொடங்கிவிடுங்கள்.